குறட்டைக்கென்று விற்கும் மூக்குச் சாதனங்கள்: எது மூக்கோடு நிற்கும், எது தொண்டை வரை போகும்?

மலேசியாவில் பிரிக்ஃபீல்ட்ஸிலோ, ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியா பக்கமோ ஒரு மருந்தகத்தில் நுழைந்து "குறட்டைக்கு ஏதாவது இருக்கா?" என்று கேட்டால், பெரும்பாலும் கைக்கு வருவது மூக்கின் மேல் ஒட்டும் பட்டை. அதையே ஷாப்பீயில் தேடினால் சிலிக்கோன் கூம்பு, காந்தக் கிளிப், குட்டி விசிறி வைத்த அடைப்பான், வால்வு என்று பக்கம் பக்கமாக வரும். எல்லாவற்றிலும் நிம்மதியாகத் தூங்கும் ஒரு முகம் படமாக இருக்கும். உள்ளே இருக்கும் பொருள்களோ வேறு வேறு வேலைக்கானவை. சில மூக்கை மட்டும் திறக்கும். சில தொண்டையையும் தாங்கிப் பிடிக்கும். சிலவற்றால் ஒரு பயனும் இல்லை. ஸ்லீப் அப்னியா, அதாவது தூக்கத்தில் அடிக்கடி மூச்சு நின்றுபோகும் நோய், உள்ளவர் இந்த வேறுபாடு தெரியாமல் வாங்கினால், சத்தம் குறைந்துவிட்டது என்று நம்பி நோயை வளரவிடுவார். இந்த மதிப்பாய்வை எழுதக் காரணமே அதுதான்.

முதலில் அடைப்பு எங்கே என்று பார்ப்போம். ஸ்லீப் அப்னியாவில் மூச்சு நிற்பது மூக்கில் அல்ல. தூக்கத்தில் தசைகள் தளரும்போது நாக்கின் அடிப்பகுதியும் மெல்லண்ணமும் சரிந்து தொண்டையை மூடுகின்றன. ஒரு மணி நேரத்துக்கு எத்தனை முறை குறைந்தது 10 விநாடிக்கு மூச்சு நிற்கிறது அல்லது வெகுவாகக் குறைகிறது என்பதே ஏஎச்ஐ எண். பெரியவர்களுக்கு 5-க்குக் கீழ் இயல்பு, 5 முதல் 15 வரை லேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரம், 30-உம் அதற்கு மேலும் கடுமையானது. மூக்கு இதில் மறைமுகமாகத்தான் சேருகிறது. இளநீர்க் கடையில் கொடுக்கும் காகிதக் குழாய் நனைந்து மென்மையான பிறகு, நுனியை விரலால் பாதி மூடிக்கொண்டு உறிஞ்சிப் பாருங்கள். பலமாக உறிஞ்ச உறிஞ்ச நடுவில் ஒட்டிக்கொள்ளும். நுனிதான் மூக்கு, நடுப்பகுதி தொண்டை. நுனியைத் திறந்துவிட்டால் உறிஞ்சும் பலம் குறையும், ஒட்டுவதும் கொஞ்சம் குறையும். ஆனால் நடுப்பகுதி மென்மையாகத்தான் இருக்கும்.

பட்டையிலிருந்து தொடங்கலாம். பிரீத் ரைட் போன்ற ஒட்டுப்பட்டையின் உள்ளே இரண்டு பிளாஸ்டிக் கம்பிகள் வில் போல இருக்கும். ஒட்டியதும் அவை நிமிரப் பார்க்கும். அந்த இழுவிசை மூக்கின் பக்கச் சுவரை வெளியே தூக்கும். மூக்குத் துவாரத்துக்குச் சற்று உள்ளே இருக்கும் குறுகலான இடத்தை மூக்கு வால்வு என்பார்கள். பட்டை வேலை செய்வது அங்கே மட்டும்தான். வாங்கும் முன் கண்ணாடி முன் நின்று ஒரு சோதனை செய்யுங்கள். மூக்கை ஒட்டிய கன்னத்தை இரு விரலால் மெல்லப் பக்கவாட்டில் இழுத்து, வாயை மூடி மூச்சை உள்ளிழுங்கள். காற்று சட்டென்று எளிதாகப் போனால் உங்களுக்குப் பட்டை பலன் தரும். ஒரு மாற்றமும் இல்லையென்றால் அடைப்பு இன்னும் உள்ளே இருக்கிறது: ஒவ்வாமையால் வீங்கிய சதை, வளைந்த நடுச்சுவர் அல்லது சதை வளர்ச்சி. எத்தனை பெட்டி வாங்கினாலும் பட்டை அவ்வளவு தூரம் எட்டாது. மூக்கின் ஒரு பக்கம் அடைத்து மறுபக்கம் திறப்பது சில மணிக்கொரு முறை இயல்பாகவே மாறும் என்பதால், இந்தச் சோதனையைக் காலையிலும் இரவிலும் செய்து பார்ப்பது நல்லது.

பட்டை நள்ளிரவில் கழன்று விழுகிறது என்பதுதான் அதிகம் கேட்கும் குறை. அநேகமாக எல்லா நேரமும் காரணம் எண்ணெய்ப்பசை. முகக் கிரீம், தேங்காய் எண்ணெய், மாலையில் இட்ட விபூதி அல்லது சந்தனத்தின் மிச்சம், கோலாலம்பூர் புழுக்கத்தில் ஊறும் வியர்வை, இவற்றில் எது இருந்தாலும் பசை பிடிக்காது. மூக்கைச் சோப்புப் போட்டுக் கழுவி, முழுதாக உலர்த்தி, ஏர்கோன் அறைக்குள் வந்த பிறகு ஒட்டுங்கள். மூக்கெலும்பின் மேல் ஒட்டினால் பயனில்லை. எலும்பு முடிந்து மூக்கு மென்மையாகும் இடத்தில், இரு முனையும் மூக்குச் சிறகின் மேற்பகுதியில் படியும்படி வைத்து, 10 விநாடியாவது தேய்த்து அழுத்துங்கள். காலையில் வெந்நீர்த் துணியால் நனைத்து, இரு முனையிலிருந்தும் நடுவை நோக்கி மெதுவாக உரிக்க வேண்டும். ஒரு பக்கமாகப் பிய்த்து இழுத்தால் தோலும் சேர்ந்து வரும். சிவந்து அரித்தால் சில நாள் விட்டுவிடுங்கள். ஒரு பட்டை ஓர் இரவுக்குத்தான். ஆகவே பெட்டி விலையைப் பார்க்காமல், விலையை எண்ணிக்கையால் வகுத்து ஓர் இரவுக்கு எவ்வளவு என்று பாருங்கள். 10 பட்டைப் பெட்டி மலிவாகத் தோன்றினாலும் கணக்கில் பெரும்பாலும் தோற்றுவிடும்.

சளி பிடித்த நாளிலும், மூக்கு வால்வு தளர்ந்தவருக்கும் நல்ல பொருள் என்பதே பட்டை பற்றிய எங்கள் கருத்து. குறட்டைச் சத்தம் கொஞ்சம் இறங்கலாம். ஏஎச்ஐ-யை நம்பத்தக்க அளவில் இறக்காது. அப்னியாவுக்கு இதை மட்டும் நம்பிப் படுக்கக் கூடாது.

துவாரத்துக்குள் செருகும் விரிப்பான்கள் அடுத்த வகை. ஆஸ்திரேலியாவின் ரைனோமெட் தயாரிக்கும் மியூட் இதில் நன்கு அறியப்பட்டது. இரண்டு வளையங்கள், நடுவில் இணைக்கும் பாலம், ஒவ்வொரு வளையத்திலும் பல்பல்லாக நகரும் ஒரு கை. கையை ஒவ்வொரு பல்லாகத் தள்ளி விரிவைக் கூட்டலாம். சிறிது, நடுத்தரம், பெரிது என்று மூன்று அளவு. மூன்றிலும் ஒவ்வொன்று அடங்கிய சோதனைப் பொதியை முதலில் வாங்குங்கள், அளவை ஊகித்து வாங்காதீர்கள். ஒன்றைச் சுமார் 10 இரவு வரை கழுவிக் கழுவிப் பயன்படுத்தலாம். மூக்குச் சுவரை உள்ளிருந்து தள்ளுவதால் பட்டையைவிட அதிகம் விரியும், வியர்வையால் கழலாது. தொல்லை வேறு இடத்தில் வரும். முதல் இரவே கடைசிப் பல் வரை விரித்துவிடுவது வழக்கமான தவறு. காலையில் நடுச்சுவர் புண்ணாகி, இரத்தப் பொட்டு தெரியும். முதல் மூன்று இரவு குறைந்த விரிவில் தூங்கி, வலி இல்லாவிட்டால் ஒரு பல் கூட்டுங்கள். இரத்த உறைவைத் தடுக்கும் மாத்திரை எடுப்பவர்களும், அடிக்கடி மூக்கில் இரத்தம் வருபவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொட வேண்டாம்.

மூக்குத்தி பற்றி எந்தப் பெட்டியிலும் ஒரு வரி இருக்காது, நம் வீட்டுப் பெண்களுக்கோ அதுதான் முதல் சிக்கல். உள்ளே இருக்கும் திருகாணி செருகும் விரிப்பானில் இடித்து ரணமாக்கும். பட்டையின் முனை மூக்குத்தியின் மேல் ஏறினால் அந்தப் பக்கம் தூக்கிக்கொண்டு கழலும். கீழே சொல்லப்போகும் மூக்குத் தலையணையிலோ திருகாணிப் பக்கம் காற்று ஒழுகும். இரவில் கழற்றி வைக்க முடிந்தால் எல்லாம் எளிதாகும். எட்டுக்கல் பேசரி போட்ட மூதாட்டியிடம் கழற்றச் சொல்வது கடினம். மூக்கை முழுதாக மூடும் முகமூடிதான் அவர்களுக்குப் பொருந்தும்.

பாசார் மாலாம் எனும் இரவுச் சந்தையிலும் இணையத்திலும் விற்கும் காந்தக் கிளிப்புக்குக் காசு செலவழிக்காதீர்கள். நடுச்சுவரில் மாட்டும் அதன் காந்தம் தசையைத் தூண்டும், இரத்த ஓட்டத்தைக் கூட்டும் என்றெல்லாம் எழுதியிருப்பது வெறும் விளம்பரம். குட்டி விசிறி வைத்து "குழாயில்லாத சிபாப்" என்று விற்பவை இன்னும் மோசம். சிபாப் என்பது முகமூடி வழியாகக் காற்றழுத்தம் கொடுத்துத் தொண்டையைத் திறந்து வைக்கும் கருவி. உண்மையான சிபாப் கருவி 4 முதல் 20 சென்டிமீட்டர் நீர் அழுத்தத்தை இரவு முழுதும் தர வேண்டும். முகமூடியின் துளை வழியாகக் கரியமில வாயு வெளியேற நிமிடத்துக்குப் பல லிட்டர் காற்று ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். துவாரத்தில் செருகும் விரல்நுனி அளவு விசிறிக்கும் பொத்தான் பேட்டரிக்கும் அந்தச் சக்தி கிடையாது.

மூக்கில் மாட்டும் வால்வுச் சாதனங்களை (மேலே சொன்ன, மூக்குக்குள் இருக்கும் குறுகலான இடம் அல்ல) சற்று விரிவாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் மருந்தகத்தில் வாங்கும் பொருள் போலத் தோன்றினாலும் தொண்டை வரை வேலை செய்வது இந்த வகைதான். ஈபாப் என்பார்கள். மூச்சை இழுக்கும்போது வால்வு முழுதாகத் திறக்கும். விடும்போது மூடிக்கொள்ளும், காற்று சிறு துளைகள் வழியாக மட்டும் வெளியேறும். அந்த எதிர்ப்பால் மூச்சு விட்டு முடியும்வரை உள்ளே ஓர் அழுத்தம் நிற்கிறது. தொண்டை சரிவதற்கு வாய்ப்பான அந்த நொடியில் அது முட்டுக்கொடுக்கிறது. நுரையீரல் சற்று நிரம்பியே இருப்பதால் மூச்சுக்குழாய் கீழே இழுபட்டு தொண்டைச் சுவரும் விறைப்பாகிறது. மின்சாரம் வேண்டாம், சத்தம் இல்லை.

இதில் முதலில் பெயர் பெற்றது ஒட்டி எறியும் புரோவென்ட். 2011-இல் வெளியான 250 பேர் ஆய்வில், முதல் வாரத்தில் அதை மாட்டியவர்களின் இடைநிலை ஏஎச்ஐ 13.8-இலிருந்து 5.0-க்கு இறங்கியது. போலி வால்வு மாட்டியவர்களிடம் 11.1-உம் 11.6-உமாக மாற்றமே இல்லை. ஆனால் 2013-இல் வந்த இன்னோர் ஆய்வு, ஏற்கனவே சிபாப் பயன்படுத்துபவர்களை இரண்டு வாரம் புரோவென்டுக்கு மாற்றியபோது, அப்னியா போலி வால்வில் திரும்பியது போலவே திரும்பியதைக் காட்டியது. இரண்டையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். சிலருக்கு அருமையாக வேலை செய்கிறது, சிலருக்கு இல்லவே இல்லை, முகத்தைப் பார்த்து முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆகவே வால்வு மாட்டியபடியே மறுபடி தூக்கச் சோதனை செய்யாமல் "எனக்குச் சரியாகிவிட்டது" என்று முடிவு கட்டக் கூடாது. புரோவென்ட் உற்பத்தி நின்றுவிட்டது. இப்போது இணையத்தில் யாராவது விற்றால் அது பழைய சரக்கு, பசை போயிருக்கும்.

இன்றுள்ள வடிவம் கழுவிப் பயன்படுத்தும் சிலிக்கோன் வால்வு. போங்கோ ஆர்எக்ஸ் அதில் ஒன்று: நான்கு அளவுகள், துவாரத்துக்குள் உட்காரும் மென்மையான கூம்பு, கழலாமல் இருக்கத் தலைப்பட்டை. அமெரிக்காவில் இதை மருத்துவரின் சீட்டு இருந்தால்தான் கொடுப்பார்கள், லேசான, நடுத்தர அப்னியாவுக்கு மட்டும். அங்கே சீட்டு கேட்கும் பொருளை இங்கே இணையத்தில் ஒரு சொடுக்கில் வாங்க முடிகிறதே என்பதற்காக, மருத்துவரை விட்டுவிடலாம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மலேசியாவில் மருத்துவச் சாதனங்கள் 2012-ஆம் ஆண்டின் 737-ஆம் சட்டத்தின் கீழ் எம்டிஏ எனும் மருத்துவச் சாதன ஆணையத்தில் பதிவாக வேண்டும். விற்பவரிடம் பதிவு எண்ணைக் கேளுங்கள். தரத் தயங்கினால் வேறு கடை பாருங்கள்.

வால்வு மாட்டிய முதல் இரவில் பலர் செய்யும் தவறு, விழித்திருக்கும்போதே மூக்கால் மூச்சு விடப் போராடுவது. திணறும், பயம் வரும், பிடுங்கி எறிந்துவிடுவார்கள். சரியான முறை இது: மாட்டியதும் தூக்கம் வரும்வரை மூக்கால் இழுத்து வாயால் விடுங்கள். தூங்கிய பிறகு உடல் தானாக மூக்குக்கு மாறிக்கொள்ளும். முதல் வாரம் முழுவதையும் பழக்கத்துக்கென்று ஒதுக்குங்கள். காலையில் வாய் காய்ந்து கிடந்தால், இரவு முழுதும் வாயால் மூச்சு போயிருக்கிறது, வால்வு சும்மா இருந்திருக்கிறது என்று பொருள். மூக்கு அடைத்திருக்கும் நாளில் மாட்டவே வேண்டாம். கடுமையான நுரையீரல் நோய், இரத்தத்தில் கரியமில வாயு தேங்கும் கோளாறு, கடுமையான இதயச் செயலிழப்பு, மிகக் குறைந்த இரத்த அழுத்தம், முன்பு நுரையீரலைச் சுற்றிக் காற்றுக் கசிந்த வரலாறு, தற்போது காது அல்லது சைனஸ் தொற்று, இவற்றில் எது இருந்தாலும் வால்வு ஆகாது.

நடுத்தரத்தையும் தாண்டிய அப்னியாவுக்கு மூக்குச் சாதனம் என்றால் எங்கள் தேர்வு சிபாப் கருவியோடு சேர்த்து மாட்டும் மூக்குத் தலையணைதான். துவாரத்தின் வாயில் உட்காரும் இரண்டு சிலிக்கோன் கிண்ணங்கள். மற்ற எல்லாவற்றிலும் "ஒருவேளை" இருக்கிறது. இதில் அழுத்தம் போகிறதா இல்லையா என்பதை மறுநாள் காலையில் திரையிலேயே பார்க்கலாம்.

ரெஸ்மெட் ஏர்ஃபிட் பி10 இந்த வகையில் பல வருடமாக நிலைத்து நிற்கிறது, தகுதியோடுதான் நிற்கிறது. எடை மிகக் குறைவு, காற்று வெளியேறும் இடம் வலைத் துணி போல இருப்பதால் பக்கத்தில் படுப்பவருக்குச் சத்தம் கேட்காது, முகத்தில் எதுவும் மறைக்காததால் கண்ணாடி போட்டுப் படிக்கலாம். தலைப்பட்டை இரண்டாகப் பிரியும்: விரித்து வைத்தால் இறுக்கம் குறையும், சேர்த்து வைத்தால் கூடும். காற்று ஒழுகினால் எல்லோரும் முதலில் செய்வது பட்டையை இறுக்குவது. அதனால் கிண்ணம் நசுங்கி இன்னும் அதிகமாக ஒழுகும், மூக்கும் புண்ணாகும். முதலில் ஒரு பெரிய அளவைப் போட்டுப் பாருங்கள். பலர் தேவையைவிடச் சிறிய அளவைத்தான் பயன்படுத்துகிறார்கள். கருவியை ஓடவிட்டு, கிண்ணத்தை மூக்கிலிருந்து சற்று இழுத்து, காற்றில் அது உப்பியதும் மெல்ல உட்கார வையுங்கள். பி10-இன் குறை அதன் எலாஸ்டிக். சில மாதத்தில் தளர்ந்துவிடும். தலைக்கு எண்ணெய் வைத்துப் படுப்பவர்களுக்கு இன்னும் சீக்கிரம்.

புரண்டு புரண்டு படுப்பவர்களுக்குப் பிலிப்ஸ் ட்ரீம்வேர் போல, குழாய் தலை உச்சியில் இணையும் வடிவம் வசதி. ஒரு கன்னத்தின் அடியில் காற்றுவழி நசுங்கினாலும் மறு பக்கம் வழியாகப் போகும். உச்சியில் கொண்டை போடுகிறவர்களுக்குச் சட்டம் வழுக்கும். வழுவழுப்பான கூந்தலிலும் அப்படியே.

முகமூடி மாற்றியவர்கள் மறந்துவிடும் ஒன்று உண்டு. ரெஸ்மெட் கருவியின் அமைப்பில் முகமூடி வகையைத் "தலையணை" என்று மாற்ற வேண்டும். முழுமுகம் என்றே விட்டுவைத்தால் ஒழுகல் கணக்கு தவறும். ரெஸ்மெட் கணக்கில் ஒழுகல் நிமிடத்துக்கு 24 லிட்டருக்குக் கீழ் இருக்க வேண்டும். ஏஎச்ஐ 5-க்குக் கீழ். ஏஎச்ஐ நன்றாக இருந்தும் ஒழுகல் சிவப்பு காட்டினால் வாய் திறக்கிறது. முதலில் மூக்கடைப்பைச் சரிசெய்யுங்கள், பிறகு தாடைப்பட்டை. வாயில் ஒட்டும் நாடாவை மூக்கு அடைத்தவர் எக்காரணத்தாலும் போடக் கூடாது.

நம் ஊர்க் காற்றுக்கென்று தனித் தொல்லைகள் உண்டு. ஏர்கோனை 18 பாகைக்கு இறக்கிவிட்டு ஈரப்பதமூட்டியையும் உச்சத்தில் வைத்தால், குழாய்க்குள் தண்ணீர் கட்டி நள்ளிரவில் மூக்கில் கொட்டும். கருவியைக் கட்டிலைவிடத் தாழ்வாக வையுங்கள், குழாயைப் போர்வைக்குள் விடுங்கள், ஈரப்பத அளவை ஒவ்வொரு படியாக இறக்குங்கள். மின்விசிறி மட்டும் ஓடும் பினாங்கு வீட்டில் பலருக்கு ஈரப்பதமூட்டியே தேவைப்படாது. கொசுவத்திச் சுருள், சாம்பிராணி, ஊதுவத்திப் புகை எதுவும் கருவி காற்றிழுக்கும் பக்கம் போகக் கூடாது. வடிகட்டி கறுத்து மணம் மூக்கிலேயே நிற்கும். புகைமூட்டக் காலத்தில் வடிகட்டியை மாதத்துக்கு ஒன்று என்று காத்திராமல் நிறம் மாறியதும் மாற்றுங்கள். கிண்ணங்களைத் தினமும் வெதுவெதுப்பான நீரில் மிதமான சோப்புப் போட்டுக் கழுவி நிழலில் உலர்த்த வேண்டும். குளோரின் கலந்த திரவம், கொதிநீர் இரண்டும் சிலிக்கோனைக் கெடுக்கும்.

இங்கேதான் அந்த மலிவான ஒட்டுப்பட்டை மறுபடி பயன்படுகிறது. மூக்குத் தலையணையோடு பட்டையைச் சேர்த்து ஒட்டலாம், இரண்டும் இடிக்காது. மூக்கு வால்வு குறுகியவர்களுக்குச் சிபாப் காற்று திணிப்பது போன்ற உணர்வு இதனால் குறையும். மூக்கை முழுதாக மூடும் முகமூடியில் மட்டும் பட்டையின் ஓரம் ஒழுகலை உண்டாக்கும்.

உள் வீக்கத்துக்கு உப்புநீர்க் கழுவலும் ஸ்டீராய்டு ஸ்பிரேயும்தான். மருந்தகத்தில் கிடைக்கும் பொட்டலத்தை, கொதித்து ஆறிய அல்லது காய்ச்சி வடித்த (டிஸ்டில்டு) நீர் 240 மில்லியில் கரைத்துக் கழுவுங்கள். குழாய்த் தண்ணீரை நேராக மூக்கில் விடாதீர்கள். 10 நிமிடம் கழித்து ஸ்பிரேயை, நடுச்சுவரை நோக்கி அல்லாமல் அதே பக்கக் கண்ணின் வெளி ஓரத்தை நோக்கி அடியுங்கள். வலது துவாரத்துக்கு இடது கை, இடதுக்கு வலது கை என்று மாற்றிப் பிடித்தால் கோணம் தானாக அமையும். முழுப் பலன் தெரிய இரண்டு வாரம் கூட ஆகலாம். ஆக்சிமெட்டசோலின் கலந்த, உடனே மூக்கைத் திறக்கும் ஸ்பிரேயை மூன்று நாளைத் தாண்டி அடித்தால், விட்டதும் முன்பைவிட மோசமாக அடைக்கும்.

பழைய சிபாப் வாங்க முடா, கரோசல் போன்ற இணையச் சந்தைகளில் தேடுபவர்கள், பிலிப்ஸ் 2021 ஜூனில் சத்தம் தடுக்கும் நுரை சிதைவதால் திரும்பப் பெற்ற ட்ரீம்ஸ்டேஷன் முதல் தலைமுறைக் கருவிகள் இன்னும் கைமாறுகின்றன என்பதை நினைவில் வையுங்கள். தொடர் எண்ணைச் சரிபார்க்காமல் பணம் தராதீர்கள். காந்தப் பூட்டு வைத்த முகமூடிகள் பேஸ்மேக்கர் வைத்தவருக்கும் அவரோடு ஒரே படுக்கையில் படுப்பவருக்கும் ஆகாது. பி10-இல் காந்தம் இல்லை.

இவற்றில் எதை வாங்கும் முன்னும் சோதனை வேண்டும். முதலில் இந்த எட்டையும் எண்ணிப் பாருங்கள்: பலத்த குறட்டை, பகல் சோர்வு, மூச்சு நிற்பதை யாராவது பார்த்தது, உயர் இரத்த அழுத்தம், உடல் நிறைக் குறியீடு 35-க்கு மேல், வயது 50-க்கு மேல், கழுத்துச் சுற்றளவு 40 சென்டிமீட்டருக்கு மேல், ஆண். எட்டில் மூன்று இருந்தால் சந்தேகம், ஐந்து இருந்தால் அபாயம் அதிகம். கிளினிக் கெசிஹாத்தான் எனும் அரசு சுகாதார நிலையத்தில் கடிதம் வாங்கி அரசு மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குப் போகலாம். காத்திருக்க வேண்டியிருக்கும். லோரி, பஸ் ஓட்டுபவர் சிக்னலில் கண் செருகினால் காத்திருக்காமல், செலவானாலும் தனியாரில் வீட்டுச் சோதனைக் கருவியை வாங்கிப் படுத்துவிடுங்கள்.

குழந்தைகளுக்கு இந்தப் பட்டியலில் எதையும் நீங்களாக வாங்காதீர்கள். பிள்ளைகளின் குறட்டைக்கும் மூச்சுத்தடைக்கும் பெரும்பாலும் காரணம் வீங்கிய டான்சிலும் அடினாய்டும். மணிக்கு ஒருமுறைக்கு மேல் மூச்சு தடைபட்டாலே அவர்களுக்கு இயல்பு அல்ல. நேரே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். போவதற்கு முன் பிள்ளை தூங்கும்போது இரண்டு நிமிடம் நெஞ்சும் வயிறும் தெரியும்படி கைப்பேசியில் படம் பிடித்து எடுத்துப் போனால், மருத்துவருக்கு அது வாய்ச்சொல்லைவிட அதிகம் உதவும்.